ஏழாம் அத்தியாயத்தின் வலது கை

கபாலியின் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றன. வலது கையில் மவுஸ். இடது கை அதன் மேலேயே தாண்டிப் போய், கீபோர்டின் வலக் கோடியில் இருந்த ஷிஃப்ட் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தது.

"இன்னா மேடம் இது? கம்ப்யூட்டர் கத்துக்கினு பெரிய ஆளாவலாம்னு பாத்தா, முடிச்சு போட்டு உக்கார வெச்சுட்டாங்க. யாராவது அவுத்து வுடுங்க."

"அந்தத் தாள்ல என்ன போட்டிருக்கோ அதை மட்டும் பண்ணு," என்றாள் ஜானகி, மடியில் விரித்திருந்த மற்ற தாள்களிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன் மூளையை உபயோகிக்காதே."

"அது ஒண்ணும் கஷ்டமில்ல மேடம்."

இடம், ராஜா அண்ணாமலைபுரத்தில் சாய்நாத்தின் வீட்டு முன்னறை. சாய்நாத் பகலில் வங்கி அதிகாரி, மற்ற நேரமெல்லாம் 'ஓலை'க்கு அடிமை. 'ஓலை' என்பது கம்ப்யூட்டரில் தமிழில் எழுத உதவும் ஒரு சாஃப்ட்வேர். யாரோ நாலு பேர் சம்பளமில்லாமல் உட்கார்ந்து செய்து, இந்தா, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், பிடிக்காவிட்டால் திருத்திக்கொள் என்று ஊருக்கே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அதை உபயோகிக்க ஒரு கையேடு வேண்டாமா? அதையும் ஒரு கூட்டம் சம்பளமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம், உலகமே பிறக்கப்போகிற இரண்டாயிரத்தில் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடுமாமே என்று பயந்துகொண்டிருந்தபோது, இவர்கள் மட்டும் கமாவுக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் வேலை செய்கிற விதமே அலாதி. ஓர் அத்தியாயத்துக்கு ஒரு ஃப்ளாப்பி டிஸ்க். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த அத்தியாயத்தைத் தொடலாம். எழுதி முடித்ததும் லஸ் முனையில் ஜைதூன் பீயின் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். திருத்துகிறவர் எடுத்துப் போவார், பிழை கண்ட இடத்தில் அடைப்புக்குறி போட்டுக் குறிப்பு எழுதுவார், மறுபடி டின்னில் போடுவார். எழுதியவர் அதற்கு அடியிலேயே பதில் எழுதுவார். இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள்.

சட்டம் என்று இருந்தது இரண்டே இரண்டு. உன் கை செய்யாததை எழுதாதே. அதாவது, இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்தோ ஞாபகத்திலிருந்தோ எழுதக் கூடாது. பட்டனை அழுத்திப் பார், அழுத்திய பட்டனை அப்படியே எழுது. இன்னொன்று, முடித்தவன் பெயர்தான் புத்தகத்தில் வரும். பாதியில் விட்டால் அத்தியாயம் வேறு ஆளுக்குப் போகும், போட்ட பெயரும் போகும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் ஜாக்சன். அவனைத்தான் இவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தேடச் சொன்னவர் ஞானதாஸ், ஜாக்சனின் அப்பா. பாரிமுனையில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்து ரிட்டயர் ஆனவர், சாந்தோம்காரர். முந்தாநாள் தி. நகரில் பாத்திரக் கடைக்கு மேலே இருக்கும் ஜானகியின் துப்பறியும் ஆபீசுக்கு ஏறி வந்து, மூச்சு வாங்கக்கூட உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

"என் பையனைக் கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா. சண்டை போட இல்ல. பாக்கணும், அவ்வளவுதான்."

நாலு வருஷத்துக்கு முன் ஜாக்சன் மஹதி என்ற மயிலாப்பூர்ப் பெண்ணை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு மாலையோடு வந்து நின்றபோது, இந்த வாசப்படியை மிதிக்காதே என்று துரத்திவிட்டவர் இவர்தான். மாதா கோயிலிலும் தெருவிலும் அத்தனை பேரிடமும், அவன் பேரை யாரும் என் காதில் போடாதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். ஜனங்களும் போடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேப்பரில் 'ஓலை'க் கூட்டத்தைப் பற்றி வந்த துணுக்கில் மகன் பெயரைப் பார்த்தார். மனுஷனுக்கு அதற்கப்புறம் இருப்புக்கொள்ளவில்லை. ரிச்சி தெருவில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கினார். துரைராஜ் என்று தன் சிநேகிதன் பெயரைச் சொல்லிக்கொண்டு கூட்டத்தில் சேர்ந்தார். எனக்கு அந்த ஜாக்சன் எழுதுவதைத் திருத்தக் கொடுங்கள் என்று சாய்நாத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டார். மகன் எழுதுவான், அப்பா திருத்துவார். மகனுக்குத் தெரியாது.

"மொதல்ல 'சரி', 'பார்க்கிறேன்', இப்படித்தான் பதில் போடுவான். அப்புறம் அப்புறம் நல்லா எழுத ஆரம்பிச்சான். 'மழைக்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா'ன்னு எழுதினான்மா! சரி, இனி தாங்காதுன்னு, 'உங்களை நேரில் பார்க்க வேண்டும்'னு நானும் எழுதிட்டேன். அதோட நின்னுபோச்சு. ஃப்ளாப்பி வரவே இல்ல. சாய்நாத் சார்கிட்டயும் விலாசம் இல்ல. பழைய ஆபீஸ்ல கேட்டா எப்பவோ வேலையை விட்டுட்டான்னுட்டாங்க. நான்தான்னு கண்டுபிடிச்சு விலகிட்டானோன்னு பயமா இருக்கு."

ஜானகியின் உதவியாளன் கபாலி ஓடிப் போய் டீ வாங்கி வந்தான். வழியில் சிந்தியது பாதி.

இதுதான் கதை. இப்போது முடிச்சுக்கு வருவோம்.

ஜானகி எழுந்து வந்து, கபாலியின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கிக் கீபோர்டின் இடது பக்கம் வைத்தாள். "இப்போ இடது கையால பிடி."

பிடித்தான். வலது கை தானாகப் போய் வலக் கோடி ஷிஃப்டின் மேல் உட்கார்ந்தது. சொடுக்கினான். திரையில் ஒரு வரி முழுக்கக் கறுப்பாக மாறி நின்றது.

"அட! வந்துக்கீது மேடம்!"

"ஜாக்சன் இடது கைக்காரன். மவுஸ் எப்பவும் இடது கையில. அதனால ஷிஃப்ட், என்டர் எல்லாத்துக்கும் வலது கைதான் போறது. எல்லா அத்தியாயத்துலயும் அப்படியே எழுதியிருக்கான், ஏழாவது நடுவுல வரைக்கும். இப்போ இந்தப் பக்கத்தைப் பண்ணு."

கபாலி எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தான். "'இடப் பக்கத்து ஷிஃப்டை அழுத்திக்கொண்டே...' ஐயோ, மறுபடியும் மாட்டிக்கினேன்!"

மவுஸ் வலது பக்கத்துக்குத் திரும்பியதும் கைகள் பிரிந்தன.

"இங்கேர்ந்து எழுதினது வலது கைக்காரா," என்றாள் ஜானகி. "அதே பேர், அதே நடை, அதே மாதிரி சின்னச் சின்ன வாக்கியம். கை மட்டும் வேற."

சாய்நாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எந்த ஷிஃப்டா இருந்தா என்ன மேடம்? ரெண்டும் ஒரே வேலையைத்தானே செய்யறது? நாங்க யாருமே அதை கவனிக்கலை."

"கை செய்யாததை எழுதக் கூடாதுன்னு சட்டம் போட்டேளே சார், அதை மட்டும் அவா மீறலை. பேரைப் பொய்யா போடத் தெரிஞ்சவாளுக்கு, செய்யாததைச் செஞ்சேன்னு எழுத மனசு வரலை. இந்தப் பக்கம் எப்போ வந்தது?"

"ஆடி முடிஞ்சு. நடுவுல கொஞ்ச நாள் வரவே இல்லை. அப்புறம் வந்தது."

தாள்களை அடுக்கிப் பையில் வைக்க ஜானகிக்கு வழக்கத்தைவிட நேரம் பிடித்தது.

"மேடம், இதுக்கு ஏன் இவ்ளோ யோசிக்கறீங்கோ?" கபாலி மார்தட்டாத குறை. "கேசு முடிஞ்சுபோச்சு. ஆளு எங்கியோ வுழுந்து இடது கையை ஒடச்சுகினு கீறாரு. மாவுக்கட்டு. வேற வழியில்லாம வலது கையால தட்டிகினு கீறாரு."

"மாவுக்கட்டு போட்டா எத்தனை நாள்ல பிரிப்பா, கபாலி?"

"அது... ஒடஞ்சதைப் பொறுத்து மேடம்."

"இதை அந்தப் பெரியவர்கிட்ட சொல்லாதே. நான் சொல்ற வரைக்கும் மூச்சு விடப்படாது."

"நான் இன்னா மேடம், ரேடியோவா?" என்றான் கபாலி.

*

லஸ் முனையில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஜைதூன் பீ ஜெராக்ஸ் மெஷினுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, அதன் மேல் தானே குடையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கூரை ஒழுவுதா அக்கா?"

"இல்ல, மெஷினுக்கு வேர்க்குதுன்னு விசிறிகினு கீறேன். கேக்குறான் பாரு கேள்வி!"

கபாலிக்கே பதில் கொடுக்கக்கூடிய ஆள் மயிலாப்பூரில் அவள் ஒருத்திதான். ஜானகி டின்னைப் பற்றி விசாரித்தாள். ஜாக்சன் என்ற பெயருக்கு ஜைதூன் பீயின் முகம் மலர்ந்தது.

"சைக்கிள்ல வருவாரு. உசரமா, சிரிச்ச மூஞ்சி. காசு குடுக்கறதுகூட இடது கைதான். 'தப்பா நெனைக்காதீங்க அக்கா, எனக்கு வேற கை கெடையாது'ன்னுவாரு. ஆடிலேர்ந்து வர்றதில்லம்மா. அவரு பேருக்கு ஒரு பையன் வந்து ஃப்ளாப்பி குடுத்துட்டு வாங்கிகினு போவான். ஸ்கூட்டர்ல மிருதங்கத்தைக் கட்டிகினு வருவான். இப்ப கொஞ்ச நாளா ஃப்ளாப்பி இல்ல, பாட்டு நோட்டு ஜெராக்ஸ் எடுக்க மட்டும் வருவான். இங்கதான் பக்கத்துல வெள்ளிக்கிழமை கிளாஸ்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

ஞானதாஸும் வந்துவிட்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல், கையில் ஒரு துணிக்கடைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு புடவை எடுத்தேன் தம்பி," என்றார் கபாலியிடம், வெட்கப்பட்டுக்கொண்டு. "சிவப்பா, மாநிறமான்னுகூட எனக்குத் தெரியாது. அன்னைக்கு நான் ஏறெடுத்தே பாக்கல. கடைக்காரன் கேட்டான், பதில் சொல்லத் தெரியல. ஒரு மாதிரி பச்சை."

"பச்சை எல்லாருக்கும் நல்லாருக்கும் சார். எங்க மாமியாருக்கே நல்லாருக்குதுன்னா பாத்துக்குங்க."

பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கபாலிக்குத் தான் ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. ஜானகி மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க ஆட்டோவுல உக்காருங்கோ சார், நனையாதேள்," என்று அவரை ஏற்றிவிட்டாள்.

"அந்தப் பையன் வந்தா சட்டையைப் புடிச்சுக் கேட்டுரலாமே மேடம்?"

"ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் எழுதறதை மறைக்கறவா, தெருவுல நிறுத்திக் கேட்டா சொல்லிடுவாளா? பின்னாடியே போகலாம்."

மிருதங்கம் வந்தது. அதைச் சுமந்த ஸ்கூட்டரும், அதை ஓட்டிய ரெயின்கோட் இளைஞனும் பிறகுதான் கண்ணில் பட்டார்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அவன் கிளம்ப, கபாலியின் எம்.எயிட்டி வண்டி பின்னால் கிளம்ப, அதற்குப் பின்னால் ஆட்டோ. மந்தைவெளி தாண்டி, ராஜா அண்ணாமலைபுரம் தாண்டி, அடையாற்றுப் பாலம் ஏறி இறங்கியது அந்த ஊர்வலம். கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டு குடியிருப்பு ஒன்றின் முன்னால் ஸ்கூட்டர் நின்றது. பையன் மிருதங்கத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு படியேறினான்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய ஞானதாஸ் நெற்றியைச் சுருக்கினார். "இந்தப் பையனை எங்கயோ பாத்திருக்கேன்மா. எங்கன்னுதான் பிடிபடல."

"நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்கோ," என்று சொல்லிவிட்டு ஜானகி தனியாக மேலே போனாள்.

*

படிக்கட்டின் அடியில் நனையாத இடமாகப் பார்த்து இருவரும் உட்கார்ந்தார்கள். மேலே எந்த வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. பெரியவர் பையை மடியில் வைத்து, அதன் வாயை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"தம்பி, அவனுக்கு என்மேல கோபம்தானே? அதான் ஒளிஞ்சுக்கிறான்?"

"சேச்சே! இன்னா சார் நீங்க."

"நான் பண்ணினது கொஞ்சமா? அவங்க அம்மா இருந்திருந்தா விட்டிருக்க மாட்டா. இனி என்ன சொல்லி என்ன? ஒரு தடவை அவன் என்னை அப்பான்னு கூப்பிட்டா போதும் தம்பி. அப்புறம் போடான்னு துரத்தினாலும் போயிடுவேன்."

இதற்குமேல் எந்த மனுஷனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? கபாலியால் முடியவில்லை.

"சார், மேடம் சொல்லக் கூடாதுன்னாங்கோ. நான் சொன்னேன்னு போட்டுக் குடுத்துராதீங்கோ. உங்க பையனுக்குக் கோபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இடது கை ஒடஞ்சிருக்குது. ஆடிலேர்ந்து வலது கையாலதான் எழுதறாரு. மேடமே கண்டுபுடிச்சாங்கோ. கட்டைப் பிரிச்சா தானா வந்து நிப்பாரு பாருங்க."

ஞானதாஸ் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு, அதிர்ச்சி அடைவார் என்று பார்த்தால், அவர் முகமெல்லாம் சிரிப்பானது.

"கையெல்லாம் ஒடயல தம்பி. நானும் அதைக் கவனிச்சேன். காலமெல்லாம் டைப் அடிச்சவன், எந்த விரல் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ?"

"சின்ன வயசுல பீச்சாங்கையால எழுதாதடான்னு ஸ்கேலாலயே முட்டியில போடுவேன். அழுவான், ஆனா மாத்த மாட்டான். சாப்பிடுறதுக்கு மட்டும் வலது கைக்கு வந்தான். எழுத்துக்கு வரவே இல்ல. அவனுக்கும் எனக்கும் மொத சண்டையே அதான். ஆடி முடிஞ்சு ஃப்ளாப்பி வருது, பாக்கறேன், இடப் பக்கத்து ஷிஃப்டுன்னு எழுதியிருக்கான். நம்பவே முடியல. மறுபடி மறுபடி செஞ்சு பாத்தேன். மவுஸ் வலது கையில இருந்தாத்தான் அது சரியா வருது!" அவர் குரல் இறங்கியது, ரகசியம் சொல்வது போல. "துரைராஜ் யாருன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு தம்பி. வாய்விட்டுச் சொல்ல வெக்கம். அதான் கையை மாத்திக் காட்டுறான். அப்பா, நீ சொன்னதைக் கேட்டுட்டேன்ப்பாங்கறான். அன்னைக்குச் சந்தோஷத்துல எனக்குச் சோறே எறங்கல. அதுக்கப்புறம்தான் நேர்ல பாக்கணும்னு எழுதற தைரியமே வந்துச்சு."

மாவுக்கட்டெல்லாம் எந்த மூலைக்கு? இதுதான் விஷயம். இதைவிட வேறு என்ன இருக்க முடியும்? அவன் பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கியே விட்டான்.

"சூப்பர் சார்! இதை வுட்டுட்டு நான் இன்னாவோ கையை ஒடச்சுகினு கீறேன். மேடம் வரட்டும், மேடமே தோத்தாங்கோ!"

மேடம் வந்தாள். கடைசிப் படிக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். அவள் கூட வேலை செய்த இத்தனை வருஷத்தில் அவள் கண் சிவந்து கபாலி பார்த்ததில்லை.

"இருக்கானாம்மா?" ஞானதாஸ் எழுந்தார்.

"மேலே வாங்கோ சார்," என்றாள் ஜானகி. "மஹதி இருக்கா."

அவர் வயதுக்கு அப்படிப் படியேறக் கூடாது. கபாலி பின்னாலேயே ஓடினான். "மேடம், அது கட்டு இல்ல மேடம், அப்பாவுக்காவ கையை மாத்திக்கினாராம்," என்று போகிற போக்கில் சொன்னான். ஜானகி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியிலேயே கபாலிக்குப் புரிந்துபோயிற்று. மேலே மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். ஐயோ, அவருக்குத் தெரியாதே என்று இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

கதவு திறந்திருந்தது. ஒல்லியாக, மாநிறமாக, முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் வாசலில் நின்றாள். அவளைத் தாண்டி உள்ளே பார்த்துக்கொண்டே ஞானதாஸ் கூப்பிட்டார்.

"ஜாக்சன்! அப்பா வந்திருக்கேன்டா!"

உள்ளே ஒரு கம்ப்யூட்டர் மேஜை. அதன் பக்கத்தில் ரெயின்கோட்டைக் கழற்றியும் கழற்றாமலும் அந்த இளைஞன் நின்றான். வேறு யாரும் இல்லை.

"வெளிய போயிருக்கானாம்மா? பரவாயில்ல, எவ்வளவு நேரமானாலும் இருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"உள்ளே வாங்கோ," என்றாள் மஹதி. "அவர் இல்லை. ஆடி மாசமே போயிட்டார். மஞ்சக் காமாலை. என்னன்னு தெரியறதுக்குள்ள முத்திடுத்து."

ஞானதாஸ் தலையை ஆட்டினார். ஏதோ கணக்கைத் தப்பாகச் சொன்ன பிள்ளையைத் திருத்துகிற மாதிரிப் பொறுமையாகப் பேசினார்.

"இல்லம்மா. எனக்கு எழுதினானே. ஐப்பசியில எழுதினானே, உடம்பைப் பாத்துக்குங்கன்னு."

"அது நான் எழுதினது."

துணிக்கடைப் பை கீழே விழுந்தது. கபாலி குனிந்து எடுத்தான். எடுத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"ஏழாவது அத்தியாயம் பாதியில நின்னுண்டிருந்தது," என்றாள் மஹதி. அழுதுகொண்டே பேசினாள், ஆனால் நிறுத்தவில்லை. "சொன்னா வேற யாருக்காவது குடுத்துடுவா. புஸ்தகத்துல அவர் பேர் வராது. எவ்வளவு ஆசையா பண்ணினார் தெரியுமா? முடிச்சுட்டு எல்லாரண்டையும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவர் எப்படி எழுதுவாரோ அப்படியே எழுதினேன். துரைராஜ் சார் நேர்ல பாக்கணும்னு கேட்டதும் பயந்துபோய் நிறுத்திட்டேன். அது நீங்கதான்னு இப்போ இவா சொல்லித்தான் தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லி அனுப்பல?" ஞானதாஸ் திடீரென்று கத்தினார். குடியிருப்பே அதிர்ந்தது. "பெத்தவன்மா நான்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அப்படியென்ன நான் செத்தா போயிட்டேன்?"

"நான் வந்தேன் சார்," என்றான் அந்த இளைஞன். "நான் ஷ்ரவண். மஹதியோட தம்பி. அன்னிக்கும் மழை. இதே ரெயின்கோட்டோட உங்க வாசல்ல வந்து நின்னேன். ஜாக்சன் அத்திம்பேர் விஷயமா வந்திருக்கேன்னேன். அவன் பேரை இங்க எடுக்காதேன்னு கதவைச் சாத்தினேள். தட்டினேன். டி.வி.யைச் சத்தமா வெச்சேள். எனக்கும் ஆத்திரம், போங்கோன்னு திரும்பி வந்துட்டேன். அது என் தப்புதான்."

அவர் ஷ்ரவணையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கே பார்த்தோம் என்று பிடிபடாமல் இருந்தது இப்போது பிடிபட்டுவிட்டது. கபாலி அவரைத் தாங்கிப் பிடித்து, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தான்.

"நான் உள்ள அவன் அத்தியாயத்தைத்தான் திருத்திட்டு இருந்தேன்," என்றார் ஞானதாஸ். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "அவன்கூட இருக்கும்போது யாரோ வந்து தொந்தரவு பண்றாங்களேன்னு கோபம் வந்துச்சு."

ஜானகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே மழை வலுத்தது.

அவர் மேஜைப் பக்கம் திரும்பிக் கேட்டார். "அவன் எழுதினது எதுவரைக்கும்?"

மஹதி குனிந்து கம்ப்யூட்டரை முடுக்கினாள். ஏழாம் அத்தியாயம் திரையில் வந்தது. ஓர் இடத்தில் விரலை வைத்தாள். 'பக்கத்தின் ஓரத்தை அகலமாக்க, முதலில் வலப் பக்கத்து' என்பதோடு அவன் நின்றிருந்தான். அதற்கடுத்து வந்ததெல்லாம் அவள். ஞானதாஸ் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். பிறகு கீழே போனார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா. அது அவள் விரல் வைத்த இடத்துக்கு இந்தப் பக்கம். அவருக்குச் சோறு இறங்காமல் அடித்த இடப் பக்கத்து ஷிஃப்டும் இந்தப் பக்கம்தான். மேலே மகன் பங்குக்கு இருந்ததெல்லாம் 'சரி', 'சரி', 'பார்க்கிறேன்', மறுபடியும் 'சரி'.

"அவனுக்குத் தெரியுமாம்மா?" என்றார். "துரைராஜ் நான்தான்னு?"

தெரியும்னு சொல்லு தாயி, என்று கபாலி மனசுக்குள் கும்பிட்டான். ஒரு பொய் சொன்னா இன்னா கொறஞ்சு போவுது, சொல்லிரு.

மஹதி அவரைப் பார்த்தாள். "தெரியாது," என்றாள்.

பெரியவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"ஃப்ளாப்பி வந்ததும் வேற வேலையே ஓடாது அவருக்கு," என்றாள் அவள். "உக்காந்து படிப்பார். படிக்கப் படிக்கத் திட்டுவார். 'இந்த ஆளு எங்கப்பா மாதிரியே உயிரை எடுக்கிறான் மஹதி, எங்கப்பா மாதிரியே ஒரு வரி விட மாட்டேங்கிறான்'னு, ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்லுவார். திட்டிண்டே கீபோர்டை இழுத்துப்பார்."

"இழுத்து?"

"நீங்க சொன்னபடியே திருத்துவார்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஒண்ணுகூட விடலையா?"

"ஒண்ணுகூட விடலை."

அதை அவர் மறுபடியும் கேட்டார். மஹதி மறுபடியும் சொன்னாள்.